தன் குற்றம் கண்ட ஆயர்

தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது நம் பெரியோர் வாக்கு. ஆண்டவர் இயேசுவும் பிறர் கண்ணில் உள்ள துரும்பைக் காண்பவன் தன் கண்ணில் உள்ள உத்திரத்தைக் காண்பதில்லை என்று நமக்கு உணர்த்தியிருக்கிறார். தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்காக ஆலயத்தில் வரிசையாக நிற்கும்போது நாம் நம் பாவங்களை விரல்விட்டு எண்ணிப் பார்க்கிறோம். பொய் சொன்னது, கோபப்பட்டது, கீழ்ப்படியாதது என்று தெரிந்த பாவங்களை எண்ணிவிடலாம். பாவம் என்றே தெரியாமல், நல்லது என்று நினைத்துச் செய்த பாவத்தை எப்படி எண்ணுவது?

இக்கேள்வியோடு வாழ்ந்து, எண்பது வயதைக் கடந்து இறந்த ஆயர் ஒருவரின் வரலாற்றை இங்கே காண்போம். அவர் பெயர் பர்த்தலோமே தெ லாஸ் காசாஸ். அமெரிக்க நாடுகளின் பழங்குடி மக்களுக்காக அரை நூற்றாண்டு காலம் வாதாடியவர் என்று வரலாறு அவரைப் போற்றுகிறது. அவரைப் பற்றி எழுத நாங்கள் முன்வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. அதனை இறுதியில் கூறுவோம்.

ஸ்பெயின் நாட்டின் செவில் நகரில் 1484-ஆம் ஆண்டு ஒரு வணிகரின் மகனாகப் பிறந்தார் பர்த்தலோமே. கொலம்பஸ் தம் முதல் கடற்பயணத்தை முடித்துக்கொண்டு 1493-இல் செவில் நகருக்கு வந்தபோது, அவர் அழைத்து வந்த புதிய நாட்டு மக்களையும், பச்சைக் கிளிகளையும் வேடிக்கை பார்த்த கூட்டத்தில் இச்சிறுவனும் நின்றான். அதே ஆண்டில் தொடங்கிய கொலம்பசின் இரண்டாம் பயணத்தில் அவன் தந்தையும் கப்பலேறினார். சில ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்த தந்தை, அந்நாட்டுப் பையன் ஒருவனை மகனுக்குப் பணியாளாகக் கொடுத்தார். அவ்வாறு கொண்டுவரப்பட்டவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று இசபெல்லா அரசியார் ஆணையிட்டதால், அப்பையன் 1500-ஆம் ஆண்டில் விடுவிக்கப்பட்டான். ஒரு மனிதனை இன்னொரு மனிதனுக்குப் பரிசாகக் கொடுக்கலாமா என்ற எண்ணம் அன்று யாருக்கும் எழுந்ததாகத் தெரியவில்லை.

1502-இல் பர்த்தலோமே தாமும் கடல் கடந்து ஹிஸ்பானியோலா தீவுக்குச் சென்றார். இன்று ஹெய்ட்டி, டொமினிக்கன் குடியரசு என்னும் இரு நாடுகள் அமைந்துள்ள தீவு அதுவே. அங்கே தைனோ என்னும் மக்கள் வாழ்ந்தனர். ஸ்பானியர்கள் அவர்களைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டனர். இந்த ஏற்பாட்டுக்கு என்கொமியென்டா என்று பெயர். இத்தனை பேர் இன்ன ஸ்பானியருக்கு என்று அரசு ஒப்படைக்கும். அவர் அம்மக்களைப் பாதுகாத்து, அவர்களுக்கு வேதம் போதிக்க வேண்டும். அதற்குக் கைம்மாறாக அம்மக்கள் அவருக்கு உழைக்க வேண்டும். ஏட்டில் எழுதப்பட்டது இதுதான். நடந்ததோ வேறு. பொன் சுரங்கங்களிலும் வயல்களிலும் உழைத்து, பட்டினியாலும் புதிய நோய்களாலும் அம்மக்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். வேதம் போதிக்க எவருக்கும் நேரம் இருக்கவில்லை. பர்த்தலோமேயும் அவ்வாறு ஆட்களை வைத்துப் பயிர் செய்தவரே. பின்னர் அவர் குருப்பட்டம் பெற்றார். ஆனாலும் தம்மிடம் இருந்த ஆட்களை விடவில்லை.

1510-ஆம் ஆண்டில் புனித சாமிநாதர் சபைத் துறவியர் சிலர் அத்தீவுக்கு வந்தனர். தாங்கள் கண்ட கொடுமைகளை எண்ணி அவர்கள் கலங்கினார்கள். எல்லாரும் கூடிச் சிந்தித்து, ஒரு மறையுரையைத் தயாரித்து, அதில் ஒவ்வொருவரும் கையொப்பமிட்டார்கள். 1511-ஆம் ஆண்டு திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறன்று அந்தோனியோ தெ மொந்தெசினோஸ் என்னும் துறவி அதனைப் பீடத்திலிருந்து முழங்கினார். அம்மக்களும் மனிதர்களே என்றும், அவர்களை வதைப்போர் பெரும் பாவத்தில் இருக்கிறார்கள் என்றும் அவர் எடுத்துரைத்தார். ஆளுநர் உட்பட ஊர்ப் பெரியவர்கள் கொதித்தெழுந்தனர். அடுத்த ஞாயிறன்று தம் சொற்களைத் திரும்பப் பெறுவார் என்று எதிர்பார்த்துக் கோவிலுக்கு வந்தவர்கள், முன்னைவிட வன்மையான உரையைக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

இச்செய்தி பர்த்தலோமேயின் மனத்தை மாற்றியதா? இல்லை. அவர் ஒருமுறை பாவசங்கீர்த்தனம் செய்யச் சென்றபோது, ஆட்களை வைத்திருப்பவருக்குப் பாவமன்னிப்பு அளிக்க முடியாது என்று ஒரு துறவி மறுத்துவிட்டார். பர்த்தலோமே அவரோடு வாதம் செய்துவிட்டுத் திரும்பினார். அம்மக்களைத் தாம் அடிப்பதில்லை, அன்பாகவே நடத்துகிறோம் என்பது அவருடைய எண்ணம். நல்ல எசமானனாக இருப்பதே போதும் என்று நினைத்தவருக்கு, எசமானனாக இருப்பதே தவறு என்பது விளங்கவில்லை.

பின்னர் கியூபா தீவைக் கைப்பற்றச் சென்ற படைக்கு அவர் ஆன்ம குருவாகப் போனார். காவ்னாவோ என்னும் ஊரில், உணவு கொண்டு வந்து கொடுத்துவிட்டு வியப்போடு அமர்ந்திருந்த மக்கள்மீது ஸ்பானிய வீரர்கள் காரணம் ஏதுமின்றி வாளோடு பாய்ந்தார்கள். குருவானவர் ஓடி ஓடித் தடுத்தும் பயனில்லை. அந்த இரத்தத்தை நேரில் கண்ட பிறகும், கியூபாவில் தமக்குப் பங்காகக் கிடைத்த நிலத்தையும் ஆட்களையும் அவர் ஏற்றுக்கொண்டார். பேதுரோ தெ ரெந்தெரியா என்னும் நண்பரும் அவரும் கூட்டாகப் பண்ணை நடத்தினார்கள்.

1514-ஆம் ஆண்டு தூய ஆவியாரின் பெருவிழா நெருங்கியது. அன்றைக்குரிய மறையுரைக்காகப் பர்த்தலோமே வேதாகமத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பழைய ஏற்பாட்டில் சீராக் ஞான நூலின் 34-ஆம் அதிகாரத்தில் அவர் கண் நின்றது. அநியாயமாகச் சேர்த்த பொருளைக்கொண்டு செலுத்தப்படும் பலியை இறைவன் விரும்புவதில்லை என்பதும், ஏழையின் உணவைப் பறிப்பது அவன் உயிரைப் பறிப்பதாகும் என்பதும் அப்பகுதியின் கருத்து. அவர் திகைத்தார். பீடத்தில் தாம் ஏந்தும் அப்பம் யாருடைய உழைப்பால் விளைந்தது? உலகின் பாவங்களுக்குப் பரிகாரமாகத் தம்மையே கையளித்த கிறிஸ்துவின் பலியை, பிறரைப் பலியாக்கிக்கொண்டே ஒப்புக்கொடுக்க முடியுமா? மூன்று ஆண்டுகளுக்கு முன் மறையுரையும், பாவசங்கீர்த்தனத்தில் மறுப்பும், காவ்னாவோவின் இரத்தமும் செய்ய முடியாததைத் தூய ஆவியார் சில வரிகளைக்கொண்டு செய்து முடித்தார். அல்லது அவை யாவும் உள்ளே விதையாகக் கிடந்து அன்று முளைத்தன என்றும் சொல்லலாம்.

அவர் நேரே ஆளுநரிடம் சென்று தம் ஆட்கள் அனைவரையும் விட்டுவிடுவதாகக் கூறினார். ஆளுநரோ, நன்றாக யோசிக்கும்படி சொல்லி அனுப்பினார். அதே ஆண்டு ஆகஸ்டு 15, தேவ அன்னையின் விண்ணேற்புத் திருநாள். தூய ஆவி என்றே பொருள்படும் சாங்தி ஸ்பிரித்துஸ் என்னும் ஊரில் திருப்பலி மறையுரையின்போது, எல்லார் முன்னிலையிலும் அம்முடிவை அறிவித்தார். அவர்களும் தங்கள் ஆட்களை விட்டால்தான் மீட்பு உண்டு என்றார். கேட்டவர்கள் வியந்தார்கள், சிலர் வருந்தவும் செய்தார்கள். ஆனால் யாரும் பின்பற்றவில்லை.

அவ்வேளையில் நண்பர் ரெந்தெரியா ஜமைக்கா தீவில் இருந்தார். அங்கே தவக்காலத் தியானத்தில் அவர் உள்ளத்திலும் இதே எண்ணம் எழுந்து, பழங்குடிக் குழந்தைகளுக்குப் பள்ளிகள் அமைக்க வேண்டும் என்று தீர்மானித்திருந்தார். இருவரும் சந்தித்தபோது ஒருவர் மனம் மற்றவர் மனத்தோடு ஒத்திருப்பதைக் கண்டு இறைவனுக்கு நன்றி செலுத்தினார்கள். ரெந்தெரியா கொண்டுவந்த சரக்குகளை விற்று, அப்பணத்தில் பர்த்தலோமே அரசரிடம் முறையிட ஸ்பெயினுக்குக் கப்பலேறினார். 1515-இல் அவரோடு சென்றவர் மொந்தெசினோஸ் அடிகள்.

1516-இல் கர்தினால் சிஸ்னெரோஸ் அவரைப் பழங்குடி மக்களின் பாதுகாவலராக நியமித்தார். மகிழ்ச்சியோடு படித்து வந்த நாம் இங்கே சற்று நிற்க வேண்டியிருக்கிறது. தைனோ மக்களின் சுமையைக் குறைக்க வழி தேடிய பர்த்தலோமே, அரசுக்கு அளித்த யோசனைகளில் ஒன்றாக, அவர்களுக்குப் பதிலாக அடிமைகளை வெளியிலிருந்து கொண்டு வரலாம் என்று எழுதினார். அவ்வடிமைகளுள் கறுப்பின மக்களும் அடங்குவர். 1518-ஆம் ஆண்டளவிலும் இதையே மீண்டும் கூறினார். அவ்வாண்டில் 4,000 ஆப்பிரிக்கரைக் கப்பலேற்றும் உரிமையை அரசர் சார்லஸ் தம் அரசவையினர் ஒருவருக்கு வழங்கினார். அவர் அவ்வுரிமையை ஜெனோவா நகர வணிகருக்கு விற்றுப் பணமாக்கிக்கொண்டார்.

உண்மையைச் சரியாகச் சொல்ல வேண்டும். ஆப்பிரிக்க அடிமைகளை அத்தீவுகளுக்கு முதலில் கொண்டு வரச் செய்தவர் பர்த்தலோமே அல்லர். அவர் யோசனை கூறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர்கள் அங்கே இருந்தார்கள். அவர் ஒருவர் சொல்லாதிருந்தாலும் பொன்னாசை கொண்டவர்கள் அதைச் செய்தே இருப்பார்கள். ஆயினும் அவர் சொன்னார். ஒரு மக்களின் கண்ணீரைத் துடைக்க நீட்டிய கையால், மற்றொரு மக்களின் கண்ணீருக்கு வழி காட்டினார். போரில் நியாயமாகப் பிடிபட்டவர்களே அடிமைகளாக விற்கப்படுகிறார்கள் என்று அக்காலத்தார் நம்பியதை அவரும் நம்பினார். விசாரித்துப் பார்க்கவில்லை. ஏழையின் உணவைப் பற்றிய அந்த வேதவரிகள் ஆப்பிரிக்கனுக்கும் பொருந்தும் என்பது அன்று அவருக்குத் தோன்றவில்லை.

1520-ஆம் ஆண்டுக்குப் பின், வாளின்றி அன்பால் மட்டுமே நற்செய்தி அறிவிக்கும் குடியேற்றம் ஒன்றைத் தென் அமெரிக்காவின் வடகரையில் குமானாவில் அமைக்க முயன்றார். அது தோல்வியுற்றது. மனமுடைந்த அவர் சாமிநாதர் சபையில் துறவியாகச் சேர்ந்து, பல ஆண்டுகள் படிப்பிலும் செபத்திலும் கழித்தார். 1527-இல் இந்தியத் தீவுகளின் வரலாற்றை எழுதத் தொடங்கினார். கொலம்பஸ் தவறாக இட்ட பெயரால் அமெரிக்க நாடுகளை அன்று இந்தியத் தீவுகள் என்றே அழைத்தனர். மனிதரை விசுவாசத்துக்கு அழைக்கும் ஒரே வழி அறிவுக்கு விளக்கம் தருவதும் உள்ளத்தைக் கனிவாக ஈர்ப்பதுமே என்று மற்றொரு நூலும் எழுதினார். போதிப்பவன் வற்புறுத்தலாகாது, தூய ஆவியாரே உள்ளிருந்து போதிக்க வேண்டும் என்பது அவருடைய உறுதி. குவாத்தமாலாவில் போர்நாடு என்று ஸ்பானியர் அஞ்சிய பகுதிக்கு 1537-க்குப் பின் படையின்றித் துறவியர் சென்றனர். அப்பகுதி பின்னர் மெய்யமைதி எனப் பொருள்படும் வெராபாஸ் என்னும் பெயரைப் பெற்றது. அதே 1537-இல் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பரும், அம்மக்களின் சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கலாகாது என்று அறிவித்தார்.

1542-இல் பழங்குடி மக்களை அடிமைகளாக்குவதைத் தடுக்கும் புதிய சட்டங்கள் பிறந்தன. அவற்றிற்குப் பர்த்தலோமேயின் முயற்சி முக்கிய காரணம் என்றால் மிகையாகாது. 1544-இல் அவர் சியாப்பாஸ் மறைமாவட்டத்தின் ஆயராக அபிஷேகம் பெற்றார். அடுத்த ஆண்டு தவக்காலத்தில், அடிமைகளை வைத்திருப்போருக்கு அவர்களை விடுவிக்காமல் பாவமன்னிப்பு அளிக்கலாகாது என்று குருக்களுக்குக் கட்டளையிட்டார். முன்பு தமக்கு மறுக்கப்பட்டதை இப்போது தாமே மற்றவர்களுக்கு மறுத்தார். மனஸ்தாபம் மட்டும் போதாது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதே அவர் போதனை. பாவத்துக்குப் பரிகாரம் ஆண்டவரின் சிலுவையால் உண்டாயிற்று என்பது நம் விசுவாசம். ஆனால் தாம் ஏய்த்துப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகச் சக்கேயு முன்வந்ததும் அதே விசுவாசத்தால் அன்றோ?

ஊரார் அவரைப் பகைத்தனர், பயமுறுத்தினர். 1545-லேயே புதிய சட்டங்களின் முக்கியப் பகுதி ஒன்றை அரசர் நீக்கிவிட்டார். 1547-இல் ஆயர் ஸ்பெயினுக்குத் திரும்பினார். அதன்பின் அவர் கடல் கடக்கவில்லை. 1550-இல் வயாதோலித் நகரில் செப்புல்வேதா என்னும் பேரறிஞரோடு நடந்த புகழ்பெற்ற வாதத்தில், பழங்குடி மக்கள் பிறவியிலேயே அடிமைகள் என்ற கூற்றை மறுத்து, ஐந்து நாட்கள் தம் ஏட்டை வாசித்தார். நடுவர்கள் தீர்ப்பு எதையும் அறிவிக்கவில்லை.

இனி நாம் கூற வந்த முக்கியச் செய்திக்கு வருவோம். முதுமையில் தம் வரலாற்று நூலைத் தொடர்ந்து எழுதும்பொருட்டு, போர்ச்சுக்கீசியர் எழுதிய நூல்களை அவர் ஆராய்ந்தார். ஆப்பிரிக்கக் கரையில் மக்கள் எவ்வாறு பிடிக்கப்பட்டார்கள், தாயும் பிள்ளையும் எவ்வாறு பிரிக்கப்பட்டார்கள் என்பதை அவற்றில் படித்தார். அங்கே நியாயமான போர் இல்லை, கொள்ளையே இருந்தது. தைனோ மக்களுக்கு இழைக்கப்பட்ட அதே அநீதி ஆப்பிரிக்க மக்களுக்கும் இழைக்கப்பட்டிருப்பதைக் கண்டார். அதற்குத் தாமும் துணை போனதையும் கண்டார்.

அவர் என்ன செய்தார்? பழைய யோசனையைச் சொல்லாமல் மறைத்திருக்கலாம். காலத்தின் வழக்கம் அது என்று சமாதானம் கூறியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. அந்த யோசனையைக் கூறிய குருவானவர் தாமே என்றும், விசாரியாமல் கூறியது தம் குற்றம் என்றும், அதற்காக வருந்துவதாகவும், ஆப்பிரிக்கரை அடிமையாக்குவதும் செவ்விந்தியரை அடிமையாக்குவதைப் போன்றே அநீதியானது என்றும் தம் நூலிலேயே எழுதி வைத்தார். அதனோடும் நிற்கவில்லை. தம் அறியாமை இறைவனின் தீர்ப்பில் தம்மைக் காப்பாற்றுமா என்பதில் தமக்கு உறுதியில்லை என்றும் எழுதினார். பிறருக்கு எளிதில் பாவமன்னிப்பு அளிக்காத அந்த ஆயர், தமக்கும் அதனை எளிதில் அளித்துக்கொள்ளவில்லை.

அவர் 1566-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மத்ரித் நகரில் சாமிநாதர் சபை மடத்தில் உயிர் துறந்தார். தம் வரலாற்று நூலை நாற்பது ஆண்டுகளுக்கு வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். ஆனால் அது முதன்முதலாக அச்சேறியது 1875-இல்தான். அதற்குள் ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர் அட்லாந்திக் கடலைக் கடத்திக் கொண்டுசெல்லப்பட்டுவிட்டனர். ஆயர் வருந்தினார், ஆனால் அவரால் அதனைத் திருப்பிச் சரிசெய்ய முடியவில்லை. சில தவறுகள் நாம் வருந்திய பின்னும் தம் வழியே போய்க்கொண்டிருக்கும் என்பது அச்சம் தரும் உண்மை.

தொடக்கத்தில் சொல்வதாகக் கூறிய காரணத்தை இப்போது சொல்கிறோம். எங்கள் வகுப்பில் தோழி ஒருத்திக்கு மூச்சுத்திணறல் நோய் உண்டு. வகுப்பறையைப் பெருக்கும் முறை வரும்போதெல்லாம் தூசியால் அவள் துன்பப்பட்டாள். நாங்கள் ஆசிரியையிடம் சென்று அவளுக்காக மன்றாடினோம். அவளுடைய முறையை யார் செய்வது என்று கேட்டபோது, விடுதியில் தங்கிப் படிக்கும் மற்றொரு மாணவியின் பெயரை நாங்களே சொன்னோம். அவள் வேலை செய்து பழகியவள், ஒன்றும் சொல்லமாட்டாள் என்றோம். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தோழிக்கு உதவிவிட்டோம் என்ற பெருமையோடு வீடு சென்றோம். அந்த ஆண்டு பாவசங்கீர்த்தனத்தில் எங்களில் ஒருவர் எண்ணிக்கையிலும் அது வரவில்லை.

இக்கட்டுரைக்காக நூலகத்தில் ஆயரின் வரலாற்றைப் படித்தபோது, 4,000 பேரைப் பற்றிய வரியில் எங்கள் கண் நின்றது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். யாரும் அப்பெயரைச் சொல்லவில்லை, எல்லாருக்கும் நினைவு வந்தது. மறுநாள் அவளிடம் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவள் கோபிக்கவில்லை, அதெல்லாம் பழகிவிட்டது என்று சொல்லிவிட்டுத் துடைப்பத்தை எடுக்கப் போனாள். அந்தச் சொல்லே எங்களுக்குத் தண்டனையாயிற்று. துடைப்பத்தை நாங்கள் வாங்கிக்கொண்டோம். அன்று முதல் எங்களுக்குள் முறை வைத்து அவ்வேலையைச் செய்து வருகிறோம். அவள் சுமந்த மாதங்களை எங்களால் திருப்பித் தர முடியாது என்பதும் எங்களுக்குத் தெரிகிறது.

அன்புச் சகோதரிகளே, பெரிய ஆயரின் வாழ்வோடு எங்கள் சிறிய தவற்றை ஒப்பிடுவது தகாது என்று நீங்கள் எண்ணலாம். ஆனால் கண் தெரியாமல் போகும் இடம் பெரியோருக்கும் சிறியோருக்கும் ஒன்றுதான். ஒருவருக்கு நாம் நன்மை செய்யும்போது, அதன் சுமை வேறு யார் தோளில் விழுகிறது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. தூய ஆவியார் ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிடுவதில்லை. பர்த்தலோமே ஆண்டவருக்கு 1514-இல் ஒன்றைக் காட்டினார். மற்றொன்றைக் காண அவருக்கு இன்னும் பல ஆண்டுகள் தேவைப்பட்டன. காட்டப்பட்ட அன்று அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை என்பதே அவர் பெருமை.

ஆகவே அடுத்த முறை ஆலயத்தில் வரிசையில் நிற்கும்போது, தெரிந்த பாவங்களை எண்ணி முடித்தபின் ஒரு நிமிடம் கூடுதலாக நிற்போம். நாம் காணாததைக் காட்டும்படி தூய ஆவியாரிடம் கேட்போம். அவர் காட்டும் முகம் நம் வகுப்பிலேயே, நம் வீட்டிலேயே இருக்கலாம். அப்போது அவரிடம் சென்று, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கும் துணிவை இறைவன் நமக்கு அருள்வாராக!